விழாக் கணக்கில் நாம் எழுதாமல் விடும் செலவுகள்

ஏப்ரல் 14 முடிந்து பத்து நாளாகிறது. படிப்பகச் சுவரில் ஒட்டிய வரவு செலவுக் கணக்கு இன்னும் அங்கேயே இருக்கிறது. வரவு 39,960 ரூபாய். செலவு 43,040 ரூபாய். துண்டு விழுந்தது 3,080.

எங்கள் காலனியில் அண்ணல் அம்பேத்கர் பிறந்தநாளை நாங்கள் பொறுப்பெடுத்து நடத்துவது இது மூன்றாவது ஆண்டு. முதல் ஆண்டு கணக்கே எழுதவில்லை. இருபது அடி ஃபிளெக்ஸ், டிஜே, பட்டாசு என்று கொண்டாடித் தீர்த்தோம். கடனை அடைக்கத் தீபாவளி ஆகிவிட்டது. "பசங்க காசைத் தின்னுட்டாங்க" என்ற பேச்சு வேறு. ரூபாயின் சிக்கலை ஆராய்ந்து 1923இல் நூல் எழுதிய பொருளாதார அறிஞருக்கு விழா எடுத்துவிட்டுக் கணக்குச் சொல்லத் தெரியாமல் நின்றோம். அந்த வெட்கத்தில்தான் இந்த ஆண்டு பிப்ரவரியிலேயே நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, படிப்பகத் திண்ணையில் உட்கார்ந்தோம்.

ஷாமியானா, மேடை, நாற்காலி 9,500. ஒலிபெருக்கியும் விளக்கும் 6,000. அடுத்த வரியில் வேன் வாடகை 2,200 என்று எழுதினோம். பாலிடெக்னிக் படிக்கும் தம்பி ஒருவன் கேட்டான்: "ரெண்டு கிலோமீட்டர்ல ஊர்ல கடை இருக்கு. டவுன்ல இருந்து ஏன் கொண்டு வரணும்?"

மூன்று ஆண்டாக அந்தக் கடையில் கேட்கிறோம். மூன்று ஆண்டும் ஒரே பதில்: "அன்னைக்கு வேற இடத்துக்குச் சொல்லியாச்சு." போன ஆண்டு விழா அன்று காலை அந்த வழியாகப் போனவர்கள் பார்த்தார்கள். நாற்காலிகள் கடைக்குள்ளேயே அடுக்கி வைத்தபடி இருந்தன. அதனால் பதினாறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் நகரத்திலிருந்து வேன் வைத்துக் கொண்டுவருகிறோம்.

அடுத்தது அனுமதி. மாரியம்மன் திருவிழாவுக்கு ஊர்த்தெருவில் மூன்று நாள் ஒலிபெருக்கி அலறும். அதற்கு எத்தனை மனு போனது என்று எங்களுக்குத் தெரியாது. ஆனால் எங்கள் ஒரு மாலை நிகழ்ச்சிக்கு மூன்று தடவை காவல் நிலையம் அலைந்தோம். ஊர்வலம் எந்தத் தெரு வழியாக, எத்தனை பேர், என்ன முழக்கம் என்று ஒவ்வொரு தடவையும் ஒரு புதுக் கேள்வி. ஜெராக்ஸ், பேருந்து, டீ எல்லாம் சேர்த்து 640 ரூபாய். போய் வந்தவர்கள் இரண்டு பேர். இருவரும் கட்டட வேலைக்குப் போகிறவர்கள். நாள் கூலி 600. இருவருக்கும் மூன்று நாள் போனது 3,600. அதை யாரும் அவர்களுக்குத் தரவில்லை. அவர்களும் கேட்கவில்லை. ஆனால் அது செலவுதான்.

வேன் 2,200, மனு 640, போன கூலி 3,600. மொத்தம் 6,440. நோட்டின் கடைசிப் பக்கத்தில் இதற்குத் தனியாக ஒரு தலைப்புப் போட்டோம்: சாதிச் செலவு.

இது நமக்குப் புதிதல்ல. 1927 மார்ச்சில் மகாத் மாநாடு கூடியபோது, பொதுக் குளத்திலும் கிணற்றிலும் நம் மக்கள் தண்ணீர் மொள்ள முடியாது என்பதால், 40 ரூபாய் கொடுத்துச் சாதி இந்துக்களிடம் தண்ணீரை விலைக்கு வாங்கினார்கள். அதே ஆண்டு டிசம்பரில் மீண்டும் கூடியபோது மாநாட்டுக்கு இடம் தர அவர்கள் முன்வரவில்லை. இஸ்லாமியர் ஒருவர்தான் தன் நிலத்தைக் கொடுத்தார். சவுதார் குளத்தில் அண்ணல் தண்ணீர் அள்ளிக் குடித்ததைப் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். அந்த 40 ரூபாயையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஊர் நம்மீது ஏற்றும் செலவு இது. நாமே நம் ஆட்களிடம் சுரண்டிக்கொள்வதும் உண்டு என்பதை அந்த நோட்டுதான் காட்டியது.

பறைக் குழுவுக்கு எவ்வளவு என்ற இடத்தில் ஒருவர் சொன்னார்: "நம்ம ஆளுங்கதானே, சோறு போட்டா வந்து அடிப்பாங்க." முப்பது ஆண்டு சாவு மேளம் அடித்து, பிறகு இனி அடிக்க மாட்டேன் என்று கட்டையை வைத்துவிட்ட பெரியப்பா ஒருவர் திண்ணையின் ஓரத்தில் இருந்தார். அவர் மெதுவாகச் சொன்னார்: "ஊர்க்காரனும் இதையேதான்டா சொன்னான்."

அதற்குப் பிறகு யாரும் பேரம் பேசவில்லை. ஆறு பேர், ஆளுக்கு 1,000, முன்பணத்தோடு 6,000 என்று எழுதினோம்.

சமையலிலும் இதே கதைதான். முந்நூறு பேருக்கு மாட்டுக்கறி பிரியாணி. அரிசி, கறி, எண்ணெய், மசாலா எல்லாம் சேர்த்து 12,500. சமைப்பது வழக்கம்போல் நம் வீட்டுப் பெண்கள். முதல் இரண்டு ஆண்டும் அவர்கள் அடுப்படியிலேயே நின்றார்கள், மேடைப் பேச்சு ஒன்றையும் கேட்கவில்லை. எங்களில் சிலர் தொண்டு நிறுவனங்களில் வேலை செய்கிறோம். அங்கே திட்ட நிதி கேட்டு எழுதும்போது, மக்களின் கூலியில்லா உழைப்பை 'சமூகப் பங்களிப்பு' என்று ரூபாயில் கணக்குப் போட்டுக் காட்டுவோம். நம் சொந்த விழாவில் அதே உழைப்புக்கு ஒரு வரிகூட இல்லை. இந்த முறை ஐந்து பேருக்கு ஆளுக்கு 500 ரூபாய் கூலி. பாத்திரம் கழுவுவது ஆண்கள். "எங்க வீட்டு விழாவுக்குக் கூலியா?" என்று அத்தை ஒருவர் முதலில் கோபித்தார். வாங்கிக்கொண்ட பிறகு, "அடுத்த வருஷம் 600 ஆக்குங்க" என்றார்.

மீதி, பிள்ளைகளுக்குப் புத்தகப் பரிசு 2,400. மாலை, கொடி, சுண்ணாம்பு 1,300. இந்த ஆண்டு ஃபிளெக்ஸ் இல்லை. பள்ளிக்கூடச் சுவரில் பிள்ளைகளே நீலத்தில் எழுதினார்கள்.

மார்ச் மாதம் வசூல் மந்தமாக இருந்த நேரத்தில் ஒருவர் ஆள் அனுப்பினார். வீட்டுமனை விற்பவர், கட்சியிலும் இருக்கிறார். 30,000 ரூபாய் தருகிறேன் என்றார். வாசலில் அவர் படம் போட்ட ஒரு ஃபிளெக்ஸ், மேடையில் பத்து நிமிடம், அவ்வளவுதான். போகும்போது வந்தவர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார்: "இந்த வருஷம் கல்வியைப் பத்திப் பேசச் சொல்லுங்களேன், நல்லா இருக்கும்." நாங்கள் பேச்சாளரிடம் கேட்டிருந்த தலைப்பு பஞ்சமி நிலம்.

அன்றிரவு பெரிய சண்டை. "காசு யார்கிட்ட இருந்து வந்தா என்ன, நாம கேட்டோமா, அவரே தர்றாரு" என்றார்கள் சிலர். முதல் ஆண்டுக் கடன் பட்ட வலி அவர்களுக்கு. குழுவில் இருக்கும் அக்கா ஒருவர் சொன்னார்: "அவர் காசுல மேடை போட்டா, அவர் இறங்குன்னா இறங்கணும்." 1936இல் லாகூரில் நடந்ததையும் பேசினோம். மாநாட்டுக்குத் தலைமை தாங்க அழைத்தவர்கள் உரையை மாற்றச் சொன்னார்கள். அண்ணல் மறுத்தார். மாநாடு நின்றது. அந்த உரையை அவரே நூலாக வெளியிட்டார். மேடை அவர்களுடையது, உரை அவருடையது. எங்கள் மேடை எங்களுடையதாக இருக்கட்டும் என்று முடிவானது. பணம் வேண்டாம் என்று சொல்லி அனுப்பினோம். இரண்டு பேர் கோபித்துக்கொண்டு குழுவை விட்டுப் போனார்கள். இன்னும் திரும்பவில்லை. அதுவும் ஒரு இழப்புதான்.

112 வீடுகள். வீட்டுக்கு 200 என்று வைத்தோம். 84 வீடுகள் முழுதாகக் கொடுத்தன. 21 வீடுகள் முடிந்ததைக் கொடுத்தன, அது 1,850. 7 வீட்டார் செங்கல் சூளையில் இருக்கிறார்கள், பொங்கல் முடிந்து போனவர்கள் மழைக்கு முன்தான் வருவார்கள். சென்னையிலும் பெங்களூரிலும் வேலை செய்யும் 14 பேர் ஆளுக்கு 1,000 அனுப்பினார்கள். அரசு வேலையில் இருக்கும் இருவர் 5,000. விழா அன்று உண்டியலில் 2,310. அப்படித்தான் 39,960 வந்தது. துண்டு விழுந்த 3,080ஐக் குழுவில் ஐந்து பேர் ஆளுக்கு 616 போட்டு அடைத்தோம். 250 பேருக்குத் திட்டமிட்டு 300 பேருக்குச் சமைத்ததுதான் காரணம். எதிர்பாராத செலவுக்கு என்று ஒரு தொகை ஒதுக்காதது எங்கள் தவறு.

மறுநாளே கணக்கைச் சுவரில் ஒட்டினோம். ஒதுக்கிய துணைத்திட்ட நிதி எங்கே போனது, ஏன் செலவாகவில்லை என்று ஆண்டுதோறும் அரசைக் கேட்கிறோம். அதற்கென்று 2024இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே வந்திருக்கிறது. கேட்கிற நாம் நம் கணக்கை மூடி வைக்க முடியாது.

50 ரூபாய் கொடுத்த ஆயா ஒருவர் பேத்தியை விட்டு வரிவரியாகப் படிக்கச் சொல்லிக் கேட்டார். மனுச் செலவு வந்ததும் நிறுத்தினார். "டீ யாருக்கு?" ஸ்டேஷனில் இருந்தவர்களுக்கும் சேர்த்து வாங்கியது என்றோம். "நம்ம மனுவை வாங்கறதுக்கு நாம எதுக்கு டீ வாங்கித் தரணும்? அவங்களுக்குச் சம்பளம் இல்லையா?" என்றார். எங்கள் யாரிடமும் பதில் இல்லை.

அடுத்த ஆண்டுக்கு மூன்று முடிவு. மொத்தமாக 200 கேட்பதற்குப் பதில் ஜூன் முதல் மாதம் 20 ரூபாய், பத்து மாதம். சூளையிலிருந்து திரும்பும் குடும்பங்களும் அப்போது சேர்ந்துகொள்ளலாம். மனு கொடுக்கப் போகிறவர்களுக்கு அன்றைய கூலி. ஸ்டேஷனுக்கு டீ கிடையாது.

சாதிச் செலவு என்ற தலைப்பு மட்டும் நோட்டில் அப்படியே இருக்கும். உங்கள் ஊர் விழாக் கணக்கிலும் அந்தத் தலைப்பைப் போட்டுப் பாருங்கள், தோழர்களே. எவ்வளவு வருகிறது என்று எங்களுக்கும் சொல்லுங்கள்.

ஜெய்பீம்.