ஐயமும் சான்றும்

மாணவச் செல்வங்களே, கணினி விளையாட்டென்றாலே பொழுதை வீணாக்குவது என எண்ணுவோர் நம்மிடையே பலர். எனினும், சிந்தனைக்கு வேலை கொடுக்கும் விளையாட்டுகளும் உள. லூகஸ் போப் என்பார் 2018ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்’ அத்தகையது.

1802இல் இலண்டனிலிருந்து புறப்பட்டுக் காணாமற்போன கப்பலொன்று, 1807இல் ஆளின்றித் திரும்புவதாகக் கற்பனைக் கதை. அதிற்சென்ற 60 பேரும் யாவர், அவர்களுக்கு நேர்ந்த கதி யாது, கொன்றவர் யார் என ஆடுவோர் கண்டறிதல் வேண்டும். பேச்சின் சாயல், உடை, தொங்குபடுக்கையின் எண் ஆகியவையே துப்புகள். மூவரைப் பற்றிய விடைகள் ஒருங்கே சரியானால்தான் அவை ஏற்கப்படும். ஆதலின் குருட்டு ஊகம் அங்கே செல்லாது.

ஒருவர் ஆடும் அவ்விளையாட்டை என் மக்கள் இருவரும் சேர்ந்தே ஆடினர். “இவன்தான் கொலைகாரன்” என்று மகன் கூறும்போதெல்லாம், “சான்று என்ன, அண்ணா?” என மகள் வினவுவாள். கொலைக்காட்சிகள் மிகுந்த அவ்விளையாட்டு சிறுவர்க்கு உரியதன்று. ஆனால், அவ்வினா நம் அனைவர்க்கும் உரியது.

தோட்டத்தில் ஒரு வீட்டில் பணம் காணாமற்போயின், தந்தையற்ற ஏழைச் சிறுவனை நோக்கியே முதலில் விரல் நீள்கிறது. அப்பணம் பின்னர் அரிசிப் பானையில் அகப்பட்டாலும், அவன் பட்ட பழி எளிதில் அகல்வதில்லை. பள்ளிக்கு வரவும் கூசுகிறான். பெற்றோர்களே, ஒருவர் பெயரைச் சொல்லுமுன் சான்றைத் தேடுவோம். அயலார் அவசரப்பட்டால், “சான்று என்ன?” என்று அன்போடு கேட்போம்.