தாருக்குத் தனிக் கூலி உண்டா?

போன வருஷம் லண்டனில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, ஆக்ஸ்போர்டு தெருவில் ஜான் லூயிஸ் என்ற பெரிய கடைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். படுக்கை விரிப்பு, பாத்திரம், புடவைக்குச் சமானமான அவர்கள் ஊர்த் துணிமணி, எல்லாம் ஒரே கூரையின் கீழே. நம் திருச்சி பெரிய கடை வீதியை மாடி மாடியாக அடுக்கி வைத்தாற்போல் இருந்தது! தலையணை உறை எடுத்துக் காட்டிய பெண்ணைப் பார்த்து, "இவங்களும் இந்தக் கடைக்குச் சொந்தக்காரிதாம்மா" என்று மகள் சொன்னாள். நான் நம்பவில்லை.

கதை இது. 1864-ல் ஜான் லூயிஸ் அந்தத் தெருவில் துணிக்கடை வைத்தார். பிற்பாடு அவர் பிள்ளை ஸ்பீடன் லூயிஸ் கணக்கைப் பார்த்துத் திடுக்கிட்டார். அப்பாவும் இரண்டு பிள்ளைகளுமாக எடுத்துக்கொண்ட பணம், கடையில் உழைத்த அத்தனை பேர் சம்பளத்தையும் விட அதிகம்! 1909-ல் குதிரையிலிருந்து விழுந்து படுக்கையில் கிடந்த நாட்களில் இதே யோசனைதானாம். 1920-ல் லாபத்தில் பங்கு கொடுத்தார். 1929-ல் தொடங்கி, 1950-ல் முழுசாக, கடையையே ஊழியர்களுக்கான டிரஸ்டுக்கு எழுதி வைத்துவிட்டார். வேலை பார்ப்பவர்களுக்கு அங்கே 'பார்ட்னர்' என்றே பெயர். பங்காளி என்றால் கஷ்டத்திலும் பங்காளிதானே? 2020-ல் அவர்களுக்கு போனஸ் கிடையாது என்று அறிவித்தார்கள். 1953-க்குப் பிறகு அப்படி நடந்தது அதுவே முதல் தடவை.

ஸ்ரீரங்கம் திரும்பியதும் இதைப் பெருமையாகச் சொல்லப் போக, எதிர்வீட்டு மாமி, "இதுக்கு லண்டன் போகணுமா? உறையூர்ல நெசவாளர் சங்கம் இருக்கே!" என்றாள். சுருக்கென்றது.

மறுநாளே 1-ம் நம்பர் பஸ் பிடித்தேன். காவிரிப் பாலம் தாண்டி சத்திரம் பஸ் நிலையத்தில் இறங்கி, உறையூருக்கு வேறு பஸ். நம்பெருமாளே பங்குனியில் கமலவல்லி நாச்சியாரைப் பார்க்கப் போகிற ஊர், நான் போனால் என்ன! சுமார் இரண்டாயிரம் வருஷத்துக்கு முன் கிரேக்க மாலுமி ஒருவன் எழுதி வைத்த கடல்வழிக் குறிப்பிலேயே இந்த ஊர் மெல்லிய துணிக்குப் பெயர் போனது. ஒரு காலத்தில் தெருவெல்லாம் தறிச் சத்தம் கேட்கும். இப்போது விசாரித்துக்கொண்டுதான் போக வேண்டியிருக்கிறது.

சங்கத்தின் ஏற்பாடு எளிமையானது. நெசவாளி பங்குத் தொகை கட்டி உறுப்பினராகிறார். சங்கம் நூல் கொடுக்கும். வீட்டில் நெய்து கொடுத்தால் கூலி. லாபம் வந்தால் உறுப்பினருக்குப் பங்கு. இப்படிப்பட்ட சங்கங்களின் தலைமைச் சங்கம்தான் 1935-ல் ஆரம்பித்த கோ-ஆப்டெக்ஸ். தீபாவளித் தள்ளுபடியில் முண்டியடித்துச் சேலை எடுத்திருக்கிறேனே தவிர, அந்தக் கடை யாருடையது என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

ஒரு வீட்டில் கணவர் குழித்தறியில் காலை விட்டு உட்கார்ந்திருந்தார். அந்த அம்மா தரையில் ராட்டை வைத்துத் தார் சுற்றிக்கொண்டிருந்தார்.

"சங்கத்துல நீங்களும் மெம்பருங்களா?"

"அவருதாம்மா மெம்பரு. வீட்டுக்கு ஒருத்தர் பேரு போதாதா?"

"தார் சுத்தறதுக்குக் கூலி?"

"சேலைக்குத்தான் கூலி. தாருக்குத் தனியா யாரு தருவாங்க?" சிரித்துவிட்டார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பில் நாடு முழுக்க 35 லட்சம் பேர். அதில் நூற்றுக்கு 72 பேர் பெண்கள்!

அவர் மகள் தறிக்கு வரவில்லை. டவுனில் ஒரு ஜவுளிக் கடையில் சேலை எடுத்துப் போடுகிறாள். கடையில் நிற்கும் பெண்களுக்கு உட்கார நாற்காலி தர வேண்டும் என்று நம் மாநிலத்தில் சட்டம் வந்ததே 2021-ல்தான். "தறியில உக்காந்தா கூலி பத்தலை, கடையில நின்னா காலு வீங்குது. எதுக்குன்னு அனுப்பறது, சொல்லுங்க?" என்றார்.

லண்டன் கடையைப் பற்றிச் சொன்னேன். ராட்டை நின்றது.

"துணி மடிச்சு வைக்கிற பொண்ணு பேரு கூடவா எழுதியிருக்கும்?"

"அவளும் பங்காளிதாம்மா."

உள்ளே தறியும் நின்றது. கணவர் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி நாடா ஓடும் சத்தம்.

அரக்குக் கரை போட்ட சேலை ஒன்று வாங்கிக்கொண்டேன். வாசல் வரை வந்தவர், "மிஷின்ல போட்றாதீங்க" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "பங்குத் தொகை எவ்வளவுன்னு சங்கத்துல கேட்டுப் பாக்கறேன்" என்றார்.