வாரிசு சொல்லாமல் போன ஆசான்

1984-இல் வந்த 'தி கராத்தே கிட்' படத்தைப் பார்த்தவர்களுக்கு மியாகி என்ற பெயர் மறந்திருக்காது. திரைக்கதை எழுதிய ராபர்ட் மார்க் கேமன், கோஜு-ரியு கராத்தே பயின்றவர். அந்த மரபை உருவாக்கிய ஆசானின் பெயரையே படத்தின் முதியவருக்குச் சூட்டினார். அசல் மியாகி, ஒகினாவாத் தீவின் நாஹா நகரில் 1888-இல் பிறந்த சோஜுன் மியாகி. 1953 அக்டோபர் 8 அன்று காலமானார். அவருடைய பெயரைப் படம் ஊரெல்லாம் கொண்டு சேர்த்தது. அவருடைய கலையை அழியாமல் காத்த சீடர்களைப் பற்றித்தான் அதிகம் பேசப்படவில்லை.

மியாகி வசதியான குடும்பத்துப் பிள்ளை. தன் குரு கான்ரியோ ஹிகாவோன்னாவை அவருடைய கடைசிக் காலத்தில் தாங்கியவர். குருவின் குரு யார், அவர் வழி எது என்று அறிய சீனத்தின் ஃபுஜோ நகரம் வரை போனார். தான் ஒரு சங்கிலியின் கண்ணி என்ற நினைப்பு அவருக்கு எப்போதும் இருந்தது.

அவர் கற்றுக்கொடுத்த முறை இன்றைய அவசரக்காரர்களை விரட்டிவிடும். புதிதாகச் சேர்ந்தவர் 'சான்சின்' என்ற ஒரே கட்டாவில், அதாவது வகுத்துவைத்த ஒரே அசைவுத் தொடரில், ஆண்டுக்கணக்கில் நிற்க வேண்டும். கால் தரையைப் பற்ற வேண்டும், மூச்சு அடிவயிற்றிலிருந்து எழ வேண்டும். ஆசான் சுற்றி வந்து தோளிலும் தொடையிலும் உள்ளங்கையால் தட்டி, உடம்பு எங்கே தளர்ந்திருக்கிறது என்று பார்ப்பார். பிடி வைத்த கல்லைச் சுழற்றுவதும், ஜாடியின் விளிம்பை விரல்களால் கவ்வித் தூக்கி நடப்பதும் அன்றாடப் பாடங்கள். இதில் தேறியவருக்கு, அவர் உடல்வாகு பார்த்து இன்னொரு கட்டாவைச் சொல்லித்தருவார். உயரமானவருக்குக் கிடைத்தது குட்டையானவருக்குக் கிடைக்காது. ஆக, முழுக் கலையும் ஒரே ஆளிடம் சேருவது அரிது.

எழுதியும் அதிகம் வைக்கவில்லை. 1934-இல் எழுதிய சிறு அறிமுகக் கட்டுரையே முக்கியமாகச் சொல்லத்தக்கது. மற்றதெல்லாம் சீடர்களின் உடம்பில் இருந்தது.

அந்த உடம்புகள் மீதுதான் 1945-இல் போர் விழுந்தது. ஏப்ரல் முதல் ஜூன் வரை நடந்த ஒகினாவாச் சண்டையில், தீவின் குடிமக்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் மாண்டனர். மியாகி தன் பிள்ளைகள் மூவரை இழந்தார். அடுத்த ஆசான் என எல்லாரும் எதிர்பார்த்திருந்த ஜின்ஆன் ஷின்சாத்தோவும் போனார். நாஹா நகரமே தரைமட்டமாகிக் கிடந்தது. ஐம்பத்தேழு வயதில் பிள்ளைகளையும் முதன்மைச் சீடரையும் பறிகொடுத்த ஒருவர் ஒதுங்கிவிட்டால் யார் குறை சொல்ல முடியும்? மியாகி ஒதுங்கவில்லை. காவல்துறையினருக்குப் பயிற்சி கொடுத்தார். நாஹாவின் ட்சுபோயா பகுதியில் வீட்டுத் தோட்டத்தையே டோஜோ என்ற பயிற்சிக்கூடமாக்கி, சான்சினிலிருந்து மறுபடி தொடங்கினார்.

அந்தத் தோட்டத்தில் நின்றவர்களில் எய்இச்சி மியாசாத்தோ இருந்தார். பெயர் ஒன்றானாலும் உறவினர் அல்லாத ஆன்இச்சி மியாகியும் இருந்தார். போருக்கு முந்தைய சீடர் மெய்தோகு யாகி இன்னொரு கிளைக்குத் தலைவரானார். ஆசானோ யாரையும் வாரிசு என்று அறிவிக்காமலே கண்மூடினார். குடும்பத்தார் பயிற்சிக் கருவிகளை மியாசாத்தோவிடம் கொடுத்தார்கள். அவர் நிறுவிய ஜுன்தோகான் இன்றும் நாஹாவில் இயங்குகிறது. ஆசான் அணிந்த சீருடையும் பட்டையும் பத்தாண்டு கழித்து யாகியிடம் போய்ச் சேர்ந்தன. உண்மையான வாரிசு யார் என்ற சர்ச்சை அன்று தொடங்கி இன்றும் ஓயவில்லை.

கருவிக்கு ஒருவர், உடைக்கு ஒருவர் என்று போட்டி போடுவதில் ஆசானுக்கு எந்த மரியாதையும் இல்லை. ஆளுக்கொரு கட்டாவாகப் பிரித்துக் கொடுத்துவிட்டுப் போனவரின் கலை, சீடர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றால்தான் முழுமையாகும். கை எவ்வளவு உயர வேண்டும், மூச்சு எங்கே நிற்க வேண்டும் என்று வெவ்வேறு கிளைகளின் மூத்தவர்கள் ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் அவருக்குச் செய்யும் உண்மையான நினைவேந்தல். அதற்கான பொதுத் தொடக்கம் ஏற்கெனவே இருக்கிறது: பள்ளிப் பிள்ளைகளுக்கும் எளிதாக இருக்கட்டும் என்று 1940 வாக்கில் அவரே அமைத்த 'கெகிசாய்' கட்டாக்களை, எந்தக் கிளையின் வகுப்பானாலும் தொடக்க நிலையினர் இன்றும் கற்கிறார்கள்.