பெயரற்ற கோப்புகள்



கோப்பைச் சேமிக்க இயலவில்லை என்னும் அறிவிப்பு கணினித் திரையில் தோன்றும்போது நாம் முதலில் செய்வது என்ன? அதைப் படிப்பதில்லை. அடைத்துவிட்டு மறுபடியும் ஒருமுறை முயன்று பார்க்கிறோம். அதே அறிவிப்பு மீண்டும் வந்தால் அருகில் இருப்பவரைத் திரும்பிப் பார்த்து, "இதை யார் தொட்டது?" என்று கேட்கிறோம். அலுவலகங்களில் வேலை செய்கிற உங்களில் பலருக்கு இது பழகிய காட்சி. அந்தக் கேள்வி ஒரு மனிதரை எவ்வளவு காயப்படுத்தக்கூடும் என்பதை இந்த அறுப்பின் பண்டிகைக் காலத்தில் நம் சேகர அலுவலகத்தில் கண்டேன். ஆகவே இவ்வாரம் உங்களோடு கணினியைப் பற்றிப் பேசுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அலுவலக அலமாரியின் மேல் ஒரு சிறிய கறுப்புப் பெட்டி இருப்பதை நீங்கள் கண்டிருக்கலாம். சர்வர் என்று நாங்கள் அழைப்பது அதைத்தான். ஞானஸ்நானப் பதிவுகளின் நகல், திருமண அறிவிப்புகள், ஆராதனை முறைமைகள், சங்கக் காணிக்கைக் கணக்கு யாவும் அதற்குள்ளேதான் இருக்கின்றன. நான்கு கணினிகள் அதனோடு இணைந்துள்ளன. பல ஆண்டுகளுக்கு முன் அதை அமைத்தவர்கள், யாருக்கும் சிரமம் வேண்டாம் என்று நல்லெண்ணத்தோடு கதவைத் திறந்தே வைத்துவிட்டார்கள். பெயரும் கடவுச்சொல்லும் இல்லாமல், விருந்தினர் என்ற முறையில் எவரும் உள்ளே போகலாம், எழுதலாம், திருத்தலாம்.

இவ்வாண்டு இரண்டு கணினிகளில் மென்பொருள் புதுப்பிக்கப்பட்டது. விண்டோஸ் 11-இன் 24எச்2 என்னும் பதிப்பு அது. 2024 அக்டோபரில் வெளிவந்தது. அலுவலகங்கள் பயன்படுத்தும் புரோ வகையில், பெயர் சொல்லாத விருந்தினராகப் பிற சேமிப்பிடங்களுக்குள் நுழைவதை அப்பதிப்பு இயல்பாகவே மறுத்துவிடும். பேசுவது இன்னார்தான் என்பதற்கு மின்னணு முத்திரையும் கேட்கும். மறுநாள் காலையில் அந்த இரண்டு கணினிகளிலிருந்தும் பெட்டி திறக்கவில்லை. உதவிக்கு வந்த ஒரு சகோதரர், எல்லாரும் பயன்படுத்தத்தக்க ஒரு பொதுக் கணக்கைப் பெட்டியில் உண்டாக்கிக் கொடுத்தார். சபையின் பதிவுகளை ஒருவரும் தவறுதலாக அழித்துவிடக் கூடாது என்ற எச்சரிக்கையினால், வாசிக்கவும் எழுதவும் உரிமை கொடுத்து, நீக்கும் உரிமையை மட்டும் நிறுத்தி வைத்தார். கோப்புகள் திறந்தன. காரியம் முடிந்தது என்று யாவரும் எண்ணினோம்.

நம் சேகரத்தின் ஒன்பது சபைகளிலும் பண்டிகை ஏலம் நடந்தது. வாழைத்தாரும் பூசணியும் சேவலும் என்ன விலைக்குப் போயின, யார் எடுத்தார், யார் பாக்கி என்பதைத் துண்டுச்சீட்டுகளில் குறித்து அனுப்புவது நம் வழக்கம். அவற்றைச் சபைக்கு ஒன்றாக உள்ள ஒன்பது கோப்புகளில் பதிந்துவிட்டு, சீட்டுகளைக் கிழித்துப்போடுவது அலுவலகக் கணக்கரான அண்ணாச்சியின் வழக்கம். இருபது ஆண்டுகளுக்கு மேலாக அப்படித்தான் செய்துவருகிறார். கமிட்டி கூடுவதற்கு முன் பொருளாளர் அந்தக் கோப்புகளைத் திறந்தார். ஒன்பதிலும் தலைப்பு வரிகள் மட்டுமே இருந்தன. ஒரு தொகைகூட இல்லை.

"எல்லாம் போட்டேன் ஐயா. ஒவ்வொரு சபையா உக்காந்து போட்டேன்" என்றார் அண்ணாச்சி. சீட்டு எங்கே என்று கேட்டார்கள். சீட்டு இல்லை. அடுத்து கமிட்டியில் ஒருவர் சொன்ன வார்த்தையை நான் இங்கே எழுதப்போவதில்லை. அன்று மாலை அவர் தம் மேசைச் சாவியைக் கழற்றி என் மேசைமேல் வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் போனார்.

கணினித் துறையில் வேலை பார்க்கும் நம் சபைச் சகோதரி ஒருவர் சனிக்கிழமை வந்தார். அண்ணாச்சியையும் அழைத்துவரச் சொன்னார். அவர் கேட்ட கேள்விகளை நீங்களும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. திரையில் என்ன எழுதியிருந்தது? எந்தக் கணினியில்? எந்த நாள் முதல்? யார் செய்தது என்பதை அவர் கேட்கவே இல்லை.

"இங்கிலீஷ்ல ஏதோ வரும்மா. எண்ணும் எழுத்துமா ஒரு எட்டு இருக்கும். ஆனா சேவ்டுன்னு போட்டிருக்கும். அதான் மூடிருவேன்" என்றார் அண்ணாச்சி.

அந்த ஒரு சொல்லில் எல்லாம் விளங்கிவிட்டது என்று சகோதரி சொன்னார். நமக்கு விளங்க, சேமிப்பது என்பது எப்படி நடக்கிறது என்று அறியவேண்டும். எக்செல், இருக்கிற கோப்பின்மேலேயே எழுதுவதில்லை. அதே இடத்தில் ஒரு தற்காலிகக் கோப்பை உண்டாக்கி, அனைத்தையும் அதில் எழுதி முடித்து, அதன்பின் பழைய கோப்பை நீக்கிவிட்டு, புதியதற்குப் பழைய பெயரைச் சூட்டுகிறது. நடுவில் மின்சாரம் போனாலும் பழையதாவது மிஞ்சட்டும் என்பதற்காகவே இந்த ஏற்பாடு. இதில் நீக்கும் உரிமை இல்லாவிட்டால் என்ன ஆகும்? தற்காலிகக் கோப்பு முழுமையாக எழுதப்பட்டுவிடும். பழையது நீங்காது. புதியதற்குப் பெயர் கிடைக்காது. உங்கள் மாற்றங்களை அந்தக் கோப்பில் சேமிக்க முடியவில்லை, ஆனால் இன்ன பெயருள்ள தற்காலிகக் கோப்பில் சேமித்திருக்கிறோம், அதைத் திறந்து வேறு பெயரில் வைத்துக்கொள்ளுங்கள் என்ற பொருளில் திரையில் ஓர் அறிவிப்பு வரும். அந்த நீண்ட ஆங்கில வாக்கியத்தில் அண்ணாச்சிக்குப் பழகிய சொல் ஒன்றே ஒன்று. அதை அவர் நம்பினார். யார்தான் நம்பமாட்டார்கள்?

பெட்டிக்குள் தேதி வாரியாக வரிசைப்படுத்திப் பார்த்தபோது, எட்டெழுத்துப் பெயர்களோடு பதினான்கு கோப்புகள் கிடந்தன. குப்பையென்று எவரும் எண்ணத்தக்க பெயர்கள். அவற்றை எக்செல்லில் ஒவ்வொன்றாகத் திறந்தார். மூன்றாவதைத் திறந்தபோது பூசணிக்காயும் பாக்கித்தொகையும் வரிசையாக நின்றன. ஒன்பது சபைகளின் கணக்கும் இருந்தது. ஐந்து கோப்புகள் இரண்டாம் முறை முயன்றதின் மிச்சம். அண்ணாச்சி நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். உட்காரவில்லை.

காரணத்தை உறுதிப்படுத்த, சகோதரி ஒரு சிறு சோதனை செய்தார். நோட்பேடில் இரண்டு வரி எழுதி அதே இடத்தில் சேமித்தார், ஏற்றுக்கொண்டது. திருத்தி மறுபடி சேமித்தார், அதுவும் நின்றது. ஏனெனில் நோட்பேட் நேராகவே பழைய கோப்பின்மேல் எழுதிவிடுகிறது. அதே கோப்பின் பெயரை மாற்றப் பார்த்தார், மறுப்பு வந்தது. வலையமைப்பு சரி, பெட்டி சரி, எழுதும் உரிமையும் சரி, குறைவு அந்த ஓர் உரிமையில்தான் என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்தது. உங்கள் அலுவலகத்தில் இத்தகைய தொல்லை வந்தால் இந்தச் சோதனையைச் செய்து பாருங்கள். அதற்குமுன் அறிவிப்பைக் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். பெயர் விளங்காத கோப்பு எதையும், காரணம் தெரியும் வரையில், அழித்துவிடாதிருங்கள்.

புதுப்பித்தலையே நீக்கிவிடலாமே, பழையபடி விருந்தினர் வழியைத் திறந்துவிடலாமே என்று சிலர் ஆலோசனை சொன்னார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. 2017 மே மாதத்தில் வானாகிரை என்னும் தீநிரல் உலகெங்கும் கணினிகளின் கோப்புகளைப் பூட்டியது நினைவிருக்கலாம். பிரிட்டனில் மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. அது பரவிய வழி, கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளக் கணினிகள் ஒன்றோடொன்று பேசும் எஸ்.எம்.பி. என்னும் நெறிமுறையின் முதற்பதிப்பில் இருந்த ஓட்டை. அதை அடைக்கும் திருத்தம் அதே ஆண்டு மார்ச் மாதத்திலேயே வெளிவந்திருந்தது. புதுப்பிக்காமல் விட்டவர்களே பெரும்பாலும் அகப்பட்டார்கள். புதிய பதிப்புகள் இவ்வளவு கண்டிப்பாக இருப்பதற்கு இத்தகைய அனுபவங்கள் உண்டு.

இன்னொன்றும் என் மனதில் பட்டது. அலமாரியின் அடித்தட்டில் உள்ள நம் பழைய ஞானஸ்நானப் பதிவேட்டைப் பிரித்துப் பாருங்கள். ஒவ்வொரு வரிக்கும் எதிரே, திருமுழுக்குக் கொடுத்த குருவானவரின் கையொப்பம் இருக்கும். ஓர் எழுத்தை அடித்துத் திருத்தியிருந்தாலும் திருத்தியவரின் சுருக்கொப்பம் பக்கத்தில் நிற்கும். நூறு ஆண்டு கழித்தும் அந்த மைக்கு ஒருவர் பொறுப்பு. கணினிக்கு மாறியபோது அந்த ஒழுங்கை நாம் அறியாமலே இழந்திருந்தோம். பெட்டிக்குள் எழுதியவர் எல்லாரும் ஒரே விருந்தினர். ஆகவே குற்றஞ்சாட்ட எளிதாயிற்று. குற்றமற்றவர் தம்மை நிரூபிக்க வழியில்லாமலும் போயிற்று. பெயரோடு எழுதுவது கட்டுப்பாடு என்று நினைக்கிறோம். எளியவருக்கு அதுவே பாதுகாப்பு.

இப்போது நால்வருக்கும் தனித்தனிப் பெயரும் கடவுச்சொல்லும் உண்டு. நீக்கும் உரிமையும் உண்டு. அதற்கு ஈடாக, நீக்கியவற்றைத் தற்காத்து வைக்கும் தொட்டி ஒன்று பெட்டியில் இயக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வோர் இரவும் வேறொரு வட்டில் பிரதியும் எடுக்கப்படுகிறது. ஏலச் சீட்டுகளைக் கமிட்டி ஒப்புதல் ஆகும்வரை கிழிப்பதில்லை என்றும் தீர்மானித்தோம்.

திங்கட்கிழமை காலை பொருளாளர் முன்னதாகவே வந்திருந்தார். என்ன பேசுவாரோ என்று நான் உள்ளே காத்திருந்தேன். "அண்ணாச்சி, டீ குடிக்கப் போவோமா?" என்றுதான் கேட்டார். இருவரும் போய் அரைமணி நேரம் கழித்து வந்தார்கள். மேசைச் சாவியை அதற்கு முந்தின நாளே திருப்பிக் கொடுத்திருந்தேன்.

ஒரு காரியம் மட்டும் மீதியிருக்கிறது. மூலையில் உள்ள பழைய நகல் இயந்திரத்துக்கு எஸ்.எம்.பி.யின் முதற்பதிப்பைத் தவிர வேறொன்றும் தெரியாது. ஆகவே வருடி எடுத்த படங்களை அதனால் இனிப் பெட்டிக்கு நேரே அனுப்ப முடியாது. அதற்காகக் கதவைத் திறந்துவைக்கப் போவதில்லை. ஞானஸ்நானச் சான்றுக்கு விண்ணப்பிப்பவர்கள் ஆவணங்களின் ஒளிநகலைக் கையோடு கொண்டுவாருங்கள். காலை பத்து மணிக்கு மேல் அண்ணாச்சி இருப்பார்.