சாப்பிட்டேன் அம்மா

2004 அக்டோபர் 3, ஞாயிற்றுக்கிழமை காலை நான் ஃபிராங்க்ஃபர்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கினேன். வயது 24. டோர்ட்மண்ட் பல்கலைக்கழகத்தில் முதுகலைப் படிப்பு. இரண்டு பெட்டிகள், ஒரு முதுகுப் பை, சென்னை மாக்ஸ்முல்லர் பவனில் மூன்று மாதம் படித்த ஜெர்மன். அந்த ஜெர்மனை வைத்து என் பெயர், ஊர், எனக்கு ஆப்பிள் பிடிக்கும் என்பது வரை சொல்ல முடியும். அதற்கு மேல் யாரும் கேட்டுவிடக் கூடாது.

அழைத்துப் போக வரட்டுமா என்று ஒரு சீனியர் மின்னஞ்சலில் கேட்டிருந்தார். வேண்டாம், பார்த்துக்கொள்கிறேன் என்று பதில் எழுதியிருந்தேன். திருநெல்வேலியிலிருந்து சென்னைக்கு முன்பதிவில்லாத பெட்டியில் நின்றுகொண்டே வந்தவன், ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து டோர்ட்மண்டுக்குப் போக மாட்டேனா என்ற எண்ணம்தான்.

போய்விட்டேன். ரயிலில் தொல்லை ஒன்றும் இல்லை. பசிதான் இருந்தது. கொலோன், டுசல்டோர்ஃப் தாண்டி ஒரு நிலையத்தில் வண்டி நின்றது. பெயர்ப் பலகையில் 'எஸ்ஸன்' என்று இருந்தது. ஜெர்மனில் எஸ்ஸன் என்றால் சாப்பாடு. எனக்கு நன்றாகத் தெரிந்த சொற்களில் அதுவும் ஒன்று. ஊருக்கே அப்படிப் பெயர் வைத்திருக்கிறார்களே என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டி கிளம்பிவிட்டது.

டோர்ட்மண்டில் மாணவர் விடுதியைக் கண்டுபிடித்தேன். விடுதியின் பக்கத்தில் தலைக்கு மேலே ஒரு தண்டவாளம் போனது. ஓட்டுநர் இல்லாத சிறிய ரயில் பெட்டி அதில் தொங்கிக்கொண்டு போகும். 1984லிருந்து ஓடும் அந்த ரயிலைப் பற்றி ஊரிலேயே படித்துவிட்டு நண்பர்களிடம் பெருமையடித்திருந்தேன். ஆனால் அன்றைக்கு மேலே பார்க்கும் மனநிலை இல்லை. விடுதி அலுவலகம் பூட்டியிருந்தது. கண்ணாடிக் கதவில் ஒட்டியிருந்த காகிதத்தில் 'மோ - ஃப்ர்' என்று போட்டிருந்தது. அதே சொல் எனக்கு வந்த கடிதத்திலும் இருந்தது. ஏதோ அலுவலகக் குறியீடு என்று நினைத்துவிட்டேன். மோன்டாக் முதல் ஃப்ரைடாக் வரை, அதாவது திங்கள் முதல் வெள்ளி வரை என்று அந்தக் கதவின் முன்னால் நின்றபோதுதான் உறைத்தது.

மழைத் தூறல். தெருவில் ஆள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை என்றால் எங்கள் ஊரில் கறிக்கடை வாசலில் கூட்டம் நிற்கும். இங்கே கடையடைப்பு நடந்த ஊர் போல இருந்தது. ஜெர்மனியில் ஞாயிறு ஓய்வு என்பது அரசியல் சாசனத்தில் உள்ள விஷயம், 1919 வைமார் சாசனத்திலிருந்து அப்படியே எடுத்துச் சேர்த்தது என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். அன்று தெரிந்ததெல்லாம், ஒரு டீக்கடைகூட இல்லை என்பது மட்டும்.

வெளிச்சமும் ஆட்களும் இருந்த ஒரே இடம் ரயில் நிலையம். அங்கேயே திரும்பிப் போனேன். இரவை அங்கே கழித்துவிடலாம் என்று முடிவு செய்தேன். ஹோட்டல் வாடகையை 55ஆல் பெருக்கிப் பார்த்ததால் வந்த முடிவு. ஒரு யூரோவுக்கு 55 ரூபாய்க்கு மேல் இருந்த காலம் அது. ரொட்டி விலையையும் பெருக்கிப் பார்த்துவிட்டு வைத்துவிட்டேன். தண்ணீர் மட்டும் வாங்கினேன். திறந்ததும் நுரைத்தது. ஒரு வாய் குடித்ததும் கெட்டுப்போன தண்ணீர் என்று பாட்டிலோடு குப்பைத் தொட்டியில் போட்டேன். நன்றாக உடுத்தியிருந்த ஒரு மூதாட்டி வந்து அதை எடுத்து, தண்ணீரைக் கொட்டிவிட்டுப் பாட்டிலைப் பையில் வைத்துக்கொண்டார். இந்த ஊரிலும் ஏழைகள் உண்டா என்று எனக்கு ஆச்சரியம். அந்தப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் 25 சென்ட் கிடைக்கும் என்பதும், இங்கே தண்ணீர் என்று கேட்டால் வாயு ஏற்றியதைத்தான் கொடுப்பார்கள் என்பதும் அடுத்த வாரப் பாடங்கள்.

பெட்டிக்குள் முறுக்கும் அதிரசமும் இருக்கத்தான் செய்தன. ஆனால் கயிற்றை அவிழ்த்துத் திறந்தால் முதலில் வெளியே வருவது பிரஷர் குக்கர். அதை ஜெர்மன் பிளாட்பாரத்தில் எடுத்து வைக்க எனக்கு வெட்கமாக இருந்தது.

மாலை நான்கு மணி. ஊரில் ஏழரை. ஒரு தொலைபேசி அட்டை வாங்கி வீட்டுக்கு அடித்தேன். அம்மாதான் எடுத்தாள்.

“எய்யா, போய்ச் சேந்துட்டியா? சாப்பிட்டியாய்யா?”

“சேந்துட்டேம்மா. ரூம் நல்லா இருக்கு. சாப்பிட்டேம்மா.”

“என்ன சாப்பிட்ட?”

“சோறுதாம்மா. இங்கயே கிடைக்கு.”

அதற்கு மேல் பேசினால் குரல் உடைந்துவிடும் என்று, அட்டையில் காசு தீர்ந்துவிட்டதாகச் சொல்லி வைத்துவிட்டேன். திரும்பினால் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். கறுத்த ஜாக்கெட், கையில் ஒரு பிளாஸ்டிக் பை. தொலைபேசிக்குக் காத்திருக்கிறார் என்று நினைத்து விலகினேன். அவர் தொலைபேசியைப் பார்க்கவில்லை. என் பெட்டிகளைப் பார்த்தார்.

“தம்பி, அம்மாவோடயோ கதைச்சனீங்கள்?”

தமிழ். ஆனால் எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

“சாப்பிட்டனெண்டு பொய் சொன்னனீங்கள், என்ன? வாங்கோ. வீடு கிட்டத்தான்.”

அவர் ஒரு உணவகத்தின் சமையல்கட்டில் வேலை செய்தார். வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் என் குரல் காதில் விழுந்திருக்கிறது. நிலையத்துக்கு வடக்கே, நோர்ட்ஷ்டட் பகுதியில் மூன்றாம் மாடியில் வீடு. கனமான பெட்டியை அவரே எடுத்துக்கொண்டார். நான் “அண்ணே, குடுங்க” என்றேன். “அண்ணை எண்டு சொல்லுங்கோ, அண்ணே எண்டால் சினிமா மாதிரிக் கிடக்கு” என்று சிரித்தார். இன்றுவரை எனக்கு அவர் அண்ணைதான். பெயரைக் கேட்டேனா என்பதுகூட நினைவில்லை.

வீட்டில் அவர் மனைவி, இரண்டு பிள்ளைகள். பிள்ளைகள் தங்களுக்குள் ஜெர்மனிலும் அப்பாவிடம் தமிழிலும் பேசிக்கொண்டார்கள். இடியப்பமும் சம்பலும் வைத்து, மஞ்சளாக, தண்ணீராக ஒன்றை ஊற்றினார் அந்த அக்கா. “இது சொதி. உங்கட ஊரில இருக்காது” என்றார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. எங்கள் திருநெல்வேலியில் கல்யாணம் முடிந்த மறுநாள் விருந்தே சொதிதான் என்றேன். பாசிப்பருப்பு, தேங்காய்ப்பால், காய்கள், இஞ்சிப் பச்சடி என்று அடுக்கினேன். “பருப்புப் போடுவினமோ சொதிக்கு?” என்று அவர் நம்பாமல் கேட்டார். காலையிலிருந்து ஒரு முழு வாக்கியம் பேசாதவன், சொதியைப் பற்றிக் கால் மணி நேரம் பேசினேன். எத்தனை இடியப்பம் தின்றேன் என்று யாரும் எண்ணவில்லை.

சாப்பிட்ட பின் அண்ணை பேசினார்.

“இண்டைக்கு ஞாயிறு மட்டுமில்லைத் தம்பி. இந்த நாடு ஒண்டாச் சேர்ந்த நாள். நான் வரேக்க இது ரெண்டாக் கிடந்தது.”

அவர் வந்தது 1984 பிப்ரவரி. 83 ஜூலைக்குப் பிறகு. அப்போது அவருக்கு 22 வயது. கிழக்கு பெர்லினின் ஷோனஃபெல்ட் விமான நிலையம். அங்கிருந்து ஃபிரீட்ரிக்ஷ்ட்ராஸ நிலையம். ஒரே நிலையத்துக்குள் நடந்து இந்தப் பக்கம் வந்து ரயில் ஏறினால் மேற்கு பெர்லின். நூற்றுக்கணக்கான பிள்ளைகள் அந்த வழியாக வந்தார்கள், பிறகு அதுவும் அடைபட்டுப்போனது என்றார். காலில் செருப்பு. பனியை முதல்முதலாகப் பார்க்கிறார். யாரிடம் போவது, எந்த அலுவலகத்தில் என்ன சொல்வது, ஒன்றும் தெரியாது. அன்று இரவு ரயில் நிலையத்தில்தான் இருந்தாராம்.

“அம்மாவுக்குக் கடுதாசி எழுதிப் போட்டனான். அது போய்ச் சேர ஒரு மாசத்துக்குக் கிட்டப் பிடிச்சது. அந்த மாசம் முழுக்க நான் இருக்கிறனோ இல்லையோ எண்டு அவவுக்குத் தெரியாது.”

“கடிதத்துல என்ன எழுதுனீங்க அண்ணை?”

“வேற என்ன, சாப்பிட்டனான் எண்டுதான்.”

பிறகு கொஞ்சம் நிறுத்தி, அம்மாவை அதற்குப் பிறகு பார்க்கவே இல்லை என்றார். 95இல் யாழ்ப்பாணத்தை விட்டு ஊரே வெளிக்கிட்டபோது அவரும் நடந்திருக்கிறார். வன்னியில் காய்ச்சலில் போய்விட்டார். செய்தி வந்தபோது எட்டு நாளும் முடிந்திருந்தது.

நான் என்ன சொன்னேன் என்பதை எழுதத்தான் இந்தக் கட்டுரையைத் தொடங்கினேன். இருபது வருடமாக அதை எழுதாமல் சுற்றி வந்திருக்கிறேன். நான் கேட்டது இது: “அண்ணை, அந்த விடுதி ஆபீஸ் காலைல எத்தனை மணிக்குத் தொறப்பாங்க?”

அவர் முகம் மாறவில்லை. “எட்டு மணிக்குத் திறப்பினம். நான் கொண்டுவந்து விடுறன்” என்றார். அக்கா சோபாவில் போர்வை விரித்தார். மறுநாள் காலை என்னை விடுதி வாசலில் விட்டுவிட்டு, ஒரு டப்பாவில் இடியப்பமும் கொடுத்துவிட்டுப் போனார். தலைக்கு மேலே அந்தத் தொங்கும் ரயில் போனது. அண்ணாந்து பார்த்தேன்.

அடுத்த ஞாயிறு வருகிறேன் என்று சொல்லியிருந்தேன். போகவில்லை. முதலில் வகுப்பு, பிறகு தேர்வு, பிறகு பகுதி நேர வேலை. இந்திய மாணவர்கள் பத்துப் பேர் சேர்ந்துவிட்டோம். முதல் நாள் எப்படி இருந்தது என்று பேச்சு வரும்போதெல்லாம், கெட்ட தண்ணீர்க் கதையைச் சொல்லிச் சிரிக்க வைப்பேன். தொலைபேசிப் பக்கத்தில் நின்றவனைப் பற்றிச் சொல்ல மாட்டேன். நன்றி மறந்தேன் என்று சொல்ல முடியாது. ஒரு நாளும் மறக்கவில்லை. அந்த வீட்டுக்குப் போனால், பசித்து அழ நின்ற அந்தப் பையனையும், ஒருவர் தாயின் சாவைச் சொல்லும்போது சாவியைப் பற்றிக் கேட்டவனையும் பார்க்க வேண்டியிருக்கும். அதற்குத்தான் பயந்தேன்.

நான்கு வருடம் கழித்து, வேலை கிடைத்து முதல் சம்பளம் வாங்கியதும், ஒரு டப்பா நிறைய இனிப்போடு போனேன். அழைப்புமணிப் பலகையில் தமிழ்ப் பெயர் எதுவும் இல்லை. மூன்றாம் மாடியில் வேறு ஒரு குடும்பம். எனக்கோ பெயரும் தெரியாது, யாரைத் தேடுவது? டோர்ட்மண்டுக்குப் பக்கத்து ஹம் நகரில், தொழிற்பேட்டைக்கு நடுவே, 2002இல் குடமுழுக்கு நடந்த காமாட்சி அம்பாள் கோயில் இருக்கிறது. ஐரோப்பா முழுவதிலிருந்தும் ஆட்கள் தேருக்கு வருவார்கள். தீர்த்தத்துக்குக் கால்வாய்க்குப் போவார்கள். நானும் பல வருடம் போயிருக்கிறேன். அம்மனைப் பார்த்ததைவிட, வடம் பிடிப்பவர்களின் முகங்களைப் பார்த்ததுதான் அதிகம்.

இப்போது கொலோனுக்குப் பக்கத்தில் இருக்கிறேன். தகவல் தொழில்நுட்ப ஆலோசகர் வேலை. குழம்பிக் கிடக்கும் நிறுவனத்துக்குள் போய், எதை முதலில் செய்ய வேண்டும், எதை அடுத்து என்று வரிசைப்படுத்திக் கொடுப்பதுதான் தொழில். கடந்த செப்டம்பரில் பள்ளித் தோழனின் மகன் படிக்க வந்தான். டுசல்டோர்ஃப் விமான நிலையத்துக்குக் காரில் போனேன். அவனுக்காக மூன்று பக்கத்தில் ஒரு கோப்பு தயாரித்திருந்தேன்: இரண்டு வாரத்துக்குள் முகவரிப் பதிவு, மருத்துவக் காப்பீடு, வங்கிக் கணக்கு, பாட்டிலுக்கு 25 சென்ட். தண்ணீர் வாங்கும்போது பார்க்க வேண்டிய சொல்லைக்கூடத் தடித்த எழுத்தில் போட்டிருந்தேன்.

காரில் ஏறியதும் அவன் வீடியோவில் அம்மாவை அழைத்தான். சாலையைக் காட்டினான், என்னைக் காட்டினான். கைப்பேசியைத் திருப்பித் தன் முகத்தைக் காட்டிச் சொன்னான்: “சாப்பிட்டேம்மா. பிளைட்லயே நல்லா சாப்பிட்டேன்.”

நான் திரும்பிப் பார்த்தேன். அவன் சாப்பிட்டிருக்கவில்லை.

அழைப்பு முடிந்து சிறிது நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, “அங்கிள், அப்பாவுக்கு ரெண்டு மாசம் முன்னாடிதான் ஸ்டென்ட் வச்சாங்க. நான் கிளம்பியிருக்கக் கூடாதோன்னு இருக்கு” என்றான்.

முகவரிப் பதிவுக்கு ஆன்லைனில் முன்கூட்டியே நேரம் வாங்க வேண்டும். அதைத்தான் சொல்ல வாயெடுத்தேன். உண்மையாகவே அந்த வாக்கியம் நாக்கு நுனியில் இருந்தது. நெடுஞ்சாலை ஓரத்தில் வண்டிகள் நிறுத்தும் இடம் வந்தது. உள்ளே திருப்பி நிறுத்தினேன்.

“அப்பாவுக்கு என்ன ஆச்சு, முதல்லேர்ந்து சொல்லு” என்றேன்.

சொன்னான். அரை மணி நேரம் ஆகியிருக்கும். நான் ஒன்றும் பெரிதாகச் சொல்லவில்லை. அண்ணைக்கு அன்று 42 வயது. எனக்கு இப்போது 45. அந்த வயதில் அவருக்குத் தெரிந்திருந்தது எனக்கு இன்னும் பாதிகூடத் தெரியாது.

வீட்டுக்கு அழைத்துவந்து சொதி வைத்தேன். பருப்புப் போட்ட எங்கள் ஊர்ச் சொதிதான். அந்த மஞ்சள் சொதியை எத்தனையோ முறை வைத்துப் பார்த்திருக்கிறேன், அந்த அக்காவின் கைப்பக்குவம் எனக்கு வந்ததில்லை. அவன் மூன்று முறை சோறு போட்டுக்கொண்டான். பிறகு கைப்பேசியை எடுத்து அம்மாவுக்குத் தட்டைக் காட்டினான்.

கோப்பு மறுநாள் காலைவரை காரிலேயே கிடந்தது.