4.3 அங்குலத் திரையில் எங்க அப்பா



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுது என்று எங்கள் துறை மாணவர் பிரதிநிதி வந்து நின்றபோது, "எனக்குக் கவிதையெல்லாம் வராதுப்பா" என்று நழுவப் பார்த்தேன். "உனக்குத் தெரிஞ்சதை எழுதுடா" என்றான். எனக்கு உருப்படியாகத் தெரிந்தது ஒன்றுதான். ஒரு பழைய விளையாட்டுக் கருவியின் சின்னத் திரையில் போட்டோ பார்ப்பது. சின்னத்திரை என்றதும் டி.வி. சீரியல் என்று நினைத்துவிடாதீர்கள். இது வெறும் 4.3 அங்குலம்!

எங்க மாமா, அதாவது அம்மாவின் தம்பி, சிங்கப்பூரில் கட்டட வேலையில் இருந்தவர். 2006-ல் அங்கே அவர் ஆசைப்பட்டு வாங்கியது சோனி கம்பெனியின் 'பி.எஸ்.பி.'. ஜப்பானில் 2004 டிசம்பர் 12-ல் வெளிவந்த கருவி இது. 2014-ல் கடைகளுக்கு அனுப்புவதையே நிறுத்திவிட்டார்கள். மாமாவின் டிரங்குப் பெட்டியில் துணி சுற்றிக் கிடந்ததை, நான் பத்தாவது பாஸ் பண்ணியதும் எடுத்துக் கொடுத்தார். "பாலிடெக்னிக் போறியாமே, வச்சுக்க மாப்ள" என்றார். பேட்டரியை மட்டும் புதிதாகப் போட்டேன்.

எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அக்கா எட்டாவதோடு நின்று திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனாள். என்னுடைய முதல் வருஷ ஃபீஸில் பாதி அவள் சம்பளம். அப்பா புதுக்கோட்டைப் பக்கம் கல்குவாரியில் 25 வருஷமாகக் கல் உடைக்கிறார். அவர் கையைப் பிடித்தால் கையைப் பிடித்த மாதிரியே இருக்காது, கருங்கல்லைத் தொட்ட மாதிரி இருக்கும்.

2023-ல் அக்காவுக்குக் கல்யாணம். ஆல்பம் போட வசதியில்லை. போட்டோக்காரர் எல்லாப் படங்களையும் ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுத்தார். அவற்றை வீட்டில் இருந்த ஒரே போனில் ஏற்றினேன். மறுவீட்டு விருந்தன்று அந்தப் போன் கை மாறி மாறி அப்பாவிடம் வந்தது. அவர் விரலால் தள்ளுகிறார், படம் நகரவில்லை. மறுபடி தள்ளுகிறார், நகரவில்லை. அழுத்தித் தேய்த்தார். படம் எங்கேயோ போய், யாருக்கோ போன் போய்விட்டது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. "எத்தனை தடவை சொல்றது, லேசாத் தொடுங்கப்பா! இதுகூடத் தெரியாதா?" என்று கத்திவிட்டேன். புது மச்சான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

அப்பா போனை மெதுவாகக் கீழே வைத்தார். "படிக்காதவன் கைக்கு இதெல்லாம் வராதுடா தம்பி" என்றார். அதற்குப் பிறகு அவர் அந்தப் படங்களைக் கேட்கவேயில்லை.

நண்பர்களே, மூன்றாம் ஆண்டில் தொடுதிரைப் பாடம் நடந்தபோதுதான் எனக்கு உறைத்தது. போனின் கண்ணாடிக்கு அடியில் மெல்லிய மின்கடத்திக் கோடுகள் குறுக்கும் நெடுக்கும் ஓடுகின்றன. அவற்றுக்கிடையே சிறிய அளவு மின்தேக்கம் இருக்கிறது. நம் விரல் மின்சாரத்தைக் கடத்தும் பொருள். அது கிட்டே வந்ததும் அந்த அளவு மாறுகிறது. அந்த மாற்றத்தைத்தான் போன், 'தொட்டுவிட்டார்கள்' என்று எடுத்துக் கொள்கிறது. தோல் காய்ந்து, தடித்து, காய்ப்புக் காய்த்துப் போயிருந்தால் மாற்றம் போதாது. போன் கண்டுகொள்ளாது. ஆக, அன்றைக்குப் படம் நகராததற்கும் படிப்புக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை! வகுப்பில் உட்கார்ந்திருந்த எனக்கு முகம் சுட்டது.

அப்போதுதான் மாமாவின் பி.எஸ்.பி. ஞாபகம் வந்தது. அதில் படம் பார்க்கக் கண்ணாடியைத் தடவ வேண்டாம். மேல் விளிம்பில் வலது பக்கம் 'ஆர்' பட்டன், இடது பக்கம் 'எல்' பட்டன். ஆர் அழுத்தினால் அடுத்த படம், எல் அழுத்தினால் முந்தின படம். படித்த விரல், படிக்காத விரல் என்ற பேதம் பட்டனுக்குக் கிடையாது.

இனி கொஞ்சம் கணக்கு. பயப்பட வேண்டாம், அரியர் வைக்கிற அளவுக்கு இருக்காது.

பி.எஸ்.பி. திரையில் அகலவாக்கில் 480 புள்ளி, உயரவாக்கில் 272 புள்ளி. மொத்தம் 1,30,560. கல்யாணப் படம் ஒவ்வொன்றும் 6000-க்கு 4000, அதாவது 2 கோடியே 40 லட்சம் புள்ளி. திரையைவிடச் சுமார் 184 மடங்கு! ஒரு படத்தை முழுதாக விரித்தால் புள்ளிக்கு 3 பைட் வீதம் 7 கோடியே 20 லட்சம் பைட் ஆகும். 2006-ல் வாங்கிய இந்த மாடலின் நினைவகமோ 32 எம்.பி.தான். அதனால் முதலிலேயே சுருக்கிக் கொடுப்பதுதான் நல்லது.

சுருக்கும்போது இன்னொரு சிக்கல். கேமராப் படம் 3-க்கு 2 என்ற வடிவம். திரை அதைவிட நீளமானது. அகலத்தை 480 ஆக்கினால் உயரம் 320 வரும், 48 வரிசையை மேலும் கீழும் வெட்ட வேண்டும். வெட்டாமல் முழுப் படமும் தெரிய வேண்டுமென்றால் 408-க்கு 272 ஆக்க வேண்டும், இரண்டு பக்கமும் 36 புள்ளி கறுப்பாக நிற்கும்.

நான் நண்பனின் லேப்டாப்பில் இர்ஃபான்வியூ, கிம்ப் இரண்டையும் வைத்துக்கொண்டு ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்தேன். பட்டறிவில் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். மூலப் படத்தில் கை வைக்கக் கூடாது, நகல் எடுத்துத்தான் வேலை செய்ய வேண்டும். முதலில் வெட்டு, பிறகு சுருக்கு. சுருக்கும்போது பல புள்ளிகள் சேர்ந்து ஒரே புள்ளியாவதால் படம் மழுங்கும், அதனால் கடைசியில் லேசாகக் கூர்மை ஏற்ற வேண்டும். அதிகமாக ஏற்றினால் பட்டுப்புடவைக் கரை ரம்பம் மாதிரி ஆகிவிடும். நிழலில் நிற்கிறவர்கள் முகத்துக்கு, நடுத்தர வெளிச்சத்தை மட்டும் கொஞ்சம் கூட்ட வேண்டும். ஜேபெக் முறை படத்தை 8-க்கு 8 கட்டங்களாகப் பிரித்துச் சேமிக்கிறது. 480-க்கு 272 என்றால் சரியாக 60-க்கு 34 கட்டம், மிச்சம் இல்லை. முடித்ததை யு.எஸ்.பி. கேபிள் வழியாக மெமரி ஸ்டிக்கில் 'பிக்சர்' என்ற ஃபோல்டரில் போட வேண்டும். அவ்வளவுதான்.

குடும்பமாக எல்லோரும் சேர்ந்து நின்ற படம் ஒன்றே ஒன்று இருந்தது. 20 பேர், இரண்டு வரிசை. 480 புள்ளியை வரிசைக்கு 10 பேர் பங்கு போட்டால் ஆளுக்கு 48. அதில் முகத்துக்கு 20 புள்ளிகூட வராது. யார் யாரென்றே தெரியாது. சரி, முகம் தெரியட்டும் என்று நடுவில் அக்காவும் மச்சானும் இருக்கிற இடத்தை மட்டும் வெட்டி எடுத்தேன். பார்க்க அருமையாக இருந்தது. 60 படங்கள் தயார்!

வெள்ளிக்கிழமை ஊருக்குப் போனேன். சாப்பிட்ட பிறகு கருவியை அப்பா கையில் கொடுத்து, "இந்த பட்டன அழுத்துங்கப்பா" என்றேன். தயங்கினார். அழுத்தினார். படம் மாறியது! நிமிர்ந்து என்னைப் பார்த்தார். மறுபடி அழுத்தினார். அப்புறம் நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அம்மா ஒரு பக்கம், அப்பத்தா ஒரு பக்கம் எட்டிப் பார்க்க, ஒவ்வொன்றாகப் போனார்.

குடும்பப் படம் வந்ததும் நின்றார். முன்னால் போனார், பின்னால் வந்தார். மறுபடி முன்னால், மறுபடி பின்னால்.

"என்னப்பா?"

"ஒண்ணுமில்லடா, நல்லாருக்கு."

அம்மாதான் கேட்டது. "ஏண்டா, அப்பா நின்னாரே, அது எங்க?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தப் படத்தில் அப்பா வலது கோடியில், தோளில் துண்டோடு நின்றார். எப்போதும் அவர் ஓரத்தில்தான் நிற்பார். வெட்டியது வேறு யாருமில்லை, நான்தான். உட்கார்ந்து 60 படத்தையும் பார்த்தேன். தாலி கட்டுகிற படத்தில் மாலைக்குப் பின்னால் அரை முகம். அவ்வளவுதான் எங்க அப்பா! முகம் தெரிய வேண்டும் என்று கணக்குப் போட்ட நான், யாருக்காகக் கணக்குப் போட்டேனோ அவரையே கழித்துவிட்டேன்.

நல்ல வேளை, மூலப் படம் பத்திரமாக இருந்தது. திங்கட்கிழமை திரும்பி வந்து மறுபடி உட்கார்ந்தேன். இந்தத் தடவை அந்த ஒரு படத்தை நான்காக்கினேன். முதலில் 20 பேரும் இருக்கிற முழுப் படம், இரு பக்கமும் கறுப்பு விட்டு. பிறகு இடது பக்கத்து ஆட்கள், நடுவில் இருப்பவர்கள், வலது பக்கத்து ஆட்கள் என்று தனித்தனியாக. அப்பாவுக்கென்று 1200-க்கு 680 அளவில் இன்னொரு துண்டும் வெட்டினேன். அதை இரண்டரையில் ஒரு பங்காகச் சுருக்கினால் திரைக்குக் கச்சிதம். நிழலில் இருந்த முகத்துக்குக் கொஞ்சம் வெளிச்சம் கூட்டினேன்.

அடுத்த வாரம் அப்பா அதைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "சட்டை நல்லாத்தாண்டா இருக்கு" என்றார்.

அப்போதுதான் சொன்னேன். "அப்பா, அன்னிக்கு போன் நகராததுக்கு நீங்க காரணமில்ல. காய்ப்புக் காய்ச்ச விரல அந்தக் கண்ணாடியால கண்டுபிடிக்க முடியல. நான்தான் தெரியாமக் கத்திட்டேன்."

அப்பா தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சிரித்தார். "அப்ப இத்தன நாளா அந்தப் போனுக்குத்தான் அறிவு பத்தலங்கிறியா?"

நண்பர்களே, நம்மில் பலர் வீட்டிலிருந்து முதன்முதலாகப் படிக்க வந்தவர்கள். இங்கே கற்கும் நாலு எழுத்தை வைத்துக்கொண்டு வீட்டில் இருப்பவர்களை அதட்டுவது சுலபம். என்னைப் போல அவசரப்படாதீர்கள். ஒரு கருவி அவர்கள் கைக்கு வரவில்லை என்றால், முதலில் கருவியைச் சந்தேகப்படுங்கள். படத்தை வெட்டுவதற்கு முன்னால் ஓரத்தில் யார் நிற்கிறார்கள் என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள். மூலப் படத்தை மட்டும் ஒருநாளும் அழித்துவிடாதீர்கள்.

பி.எஸ்.பி. இப்போது என்னிடம் இல்லை. ஊரில், அப்பாவின் தலைமாட்டில் இருக்கிறது. நான் கேம் விளையாடி ஆறு மாதமாகிறது!



– மூன்றாம் ஆண்டு மாணவன்,
மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை