குறை சொல்லி விற்ற மிதிவண்டி

புதுப்பொருளை வாங்குகிறவன் கடையின் பெயரை நம்பி வாங்குகிறான். பழம்பொருளை வாங்குகிறவனோ, முன்பு அதனை வைத்திருந்தவரின் நாணயத்தை நம்பி வாங்குகிறான். புதியதில் குறை இருந்தால் விற்பவரும் அறியார், வாங்குபவரும் அறியார். பழையதன் குறையை அறிந்தவர் ஒருவர் நிச்சயம் உண்டு. அவர் வாய் திறக்கிறாரா என்பதில்தான் அவ்வாணிபத்தின் பரக்கத் அடங்கியிருக்கிறது. கீழக்கரையில் நான் வாங்கிய பழைய ராலே மிதிவண்டி எனக்கு இதனைத் தெளிவாகவே உணர்த்திற்று.

கொழும்பில் வாணிபம் செய்த மர்ஹூம் ஒருவர் ஓட்டிய வண்டி அது. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, வீட்டின் பின்கட்டில் சாக்குத் துணி போர்த்திக் கிடந்தது. இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகரில், ராலே தெருவில் தோன்றியதால் அப்பெயர் பெற்ற நிறுவனம், நெடுவழி செல்வோர்க்கென ‘டூரிஸ்ட்’ என்னும் பெயரில் செய்த வகை. 28 அங்குலச் சக்கரங்கள், கம்பியால் இயங்கும் பிரேக்குகள், சங்கிலியை முழுதும் மூடிய தகரப்பெட்டி, முகப்பில் கொக்குச் சின்னம். அம்பத்தூரில் உருவான ஹெர்குலிஸ் வண்டிகளும், அஸன்சாலில் உருவான சென்-ராலே வண்டிகளும் இதே உடலமைப்பின் வழி வந்தவையே. ஆதலால் நம் ஊர்ச் சாலைகளுக்கு இவ்வண்டி அந்நியமன்று.

அந்நியமானது ஒன்றுண்டு, பின்சக்கரத்தின் நடுவே அமைந்த ஸ்டர்மி ஆர்ச்சர் கியர். அதன் உலோகக் கூட்டில், செய்யப்பட்ட ஆண்டு 58 எனப் பொறித்திருக்கிறது. அது மூன்று வேகங்களைத் தருவது. இரண்டாவதில் சாதாரண மிதிவண்டி போல ஓடும். முதலாவதில் அதன் முக்கால் பங்கு தூரமே செல்லும். ஆனால் மிதிப்பது இலகு. மூன்றாவதில் மூன்றில் ஒரு பங்கு தூரம் கூடும். கால்வலுவும் கூடுதலாக வேண்டும்.

விலை 6,000 ரூபாய் என்று பேசி முடிந்தது. இடையில் நின்று பேசியவர் அவ்வூர்ச் சைக்கிள் கடைக்காரர். நான் பணத்தை எடுக்கும்போது, திரைக்கு அப்பாலிருந்து அம்மர்ஹூமின் மனைவியார் குரல் கொடுத்தார்.

“தம்பி, வண்டியில ஒரு பழுது இருக்கு. அதைச் சொல்லாம பணத்தை வாங்காதீங்க. அவுக கீழே விழுந்தப்ப முன்பக்கம் முறிஞ்சு, பத்த வச்சிருக்கு.”

கடைக்காரர் குனிந்து, முன் ஃபோர்க்கின் கழுத்தருகே சாயத்தைச் சுரண்டினார். உள்ளே மஞ்சள் கோடாகப் பித்தளைப் பற்று தெரிந்தது. அவர் எழுந்து சொன்னார்: “மாமி சொல்றது சரி. ஊருக்குள்ள ஓட்டலாம். பாம்பன் பாலத்துக்குப் போறதா இருந்தா இதை நம்பாதீங்க.”

விழுந்ததன் காரணத்தையும் அவரே விளக்கினார். கியரை இழுக்கும் மெல்லிய கம்பி தளர்ந்துவிட்டால், இரண்டாம் வேகத்திற்கும் மூன்றாம் வேகத்திற்கும் இடையே எதிலும் சேராத ஒரு வெற்றிடத்தில் அது சிக்கிக்கொள்ளும். அந்நேரம் எழுந்து நின்று மிதித்தால், பெடல் பிடிமானமின்றிச் சுழலும். மிதித்தவர் முன்னே சாய்வார். எனவே கம்பியின் இறுக்கத்தை அடிக்கடி பார்க்க வேண்டும். மூன்றாம் வேகத்தில் எழுந்து நிற்கலாகாது.

குறை வெளிப்பட்டபின் அந்த அம்மையார் 4,500 ரூபாய்க்கு மேல் வாங்க இசையவில்லை. பெருமானார் (ஸல்) அவர்கள் மதீனத்துக் கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் கையை நுழைத்து, அடியில் ஈரமிருக்கக் கண்டு, நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கலாகாதா என வணிகரைக் கேட்ட வரலாற்றை நாம் அனைவரும் அறிவோம். மிம்பரில் பலமுறை கேட்ட அந்நிகழ்ச்சியின் பொருளை ஒரு திரைக்குப் பின்னிருந்து வந்த குரலில்தான் நான் முழுமையாக உணர்ந்தேன். ஈரம் மேலே வைக்கப்பட்டது. என் உயிருக்கு வரவிருந்த ஆபத்து விலகிற்று.

அதே அளவுள்ள வேறொரு நல்ல ஃபோர்க்கைக் கடைக்காரர் தேடிப் பொருத்தித் தந்தார். ஆனி மாதத்து விடியலில், சுபுஹுத் தொழுகை முடித்துப் புறப்பட்டேன். பெரியபட்டினம், புதுமடம், வேதாளை எனக் கரையோர ஊர்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் சென்றன. தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று முதுகில் கைவைத்துத் தள்ளியது. சீமைக் கருவேல முள்ளொன்று டயரைத் துளைத்ததால் ஒரு பனைநிழலில் அரைமணி நேரம் தங்கினேன், அவ்வளவே தடை.

மண்டபத்திற்கு அப்பால் பாலம். 1914-இல் இரயில் பாலம் வந்தது. சாலைப் பாலம் 1988 அக்டோபரில்தான் திறக்கப்பட்டது. அதுவரை மிதிவண்டியேயாயினும் இரயிலிலோ படகிலோ ஏறித்தான் தீவை அடைய வேண்டும். பழைய இரயில் பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் வண்டிகள் நிறுத்தப்பட்டன என்பதிலிருந்தே அவ்விடத்துக் காற்றின் வலிமையை ஊகிக்கலாம். சாலைப் பாலத்தின் நீளம் ஏறத்தாழ 2.3 கிலோமீட்டர், நடுவில் மேடாக உயர்ந்து, பிறகு தாழ்கிறது. அந்த இறக்கத்தில், பக்கத்திலிருந்து காற்று மோத, முன்சக்கரம் நடுங்கியது. கீழே கடல், அருகே விரையும் பேருந்துகள். ஓட்டுபவனின் பாரமெல்லாம் அவ்வேளையில் ஃபோர்க்கின் கழுத்தில்தான் வந்து இறங்குகிறது. பித்தளைப் பற்று வைத்த பழைய கழுத்தை நினைத்துப் பார்த்தேன். ‘அல்ஹம்துலில்லாஹ்’ என்று நா தானாகவே கூறிற்று. கருணையுள்ள ஒரு மூதாட்டி 1,500 ரூபாயை இழந்து, முன்பின் அறியாத ஒருவனை அவ்விறக்கத்தில் காப்பாற்றியிருக்கிறார்.

திரும்பும் வழியில், முதுகைத் தள்ளிய அதே கச்சான் நெஞ்சை எதிர்த்தது. முதல் வேகத்தில், எழுந்து நிற்காமல், மெல்ல மெல்ல மிதித்தே ஊர் வந்து சேர்ந்தேன்.

கடலோரத்தில் இரும்பை வைத்திருப்பது எளிதன்று. உப்புக்காற்று ஒருநாளும் ஓய்வதில்லை. வாரந்தோறும் எண்ணெய்த் துணியால் துடைக்கிறேன். கியர்க் கூட்டின் சிறு துளையில் மெஷின் எண்ணெய் விடுகிறேன். இதுவும் ஓர் அமானிதமே. நமக்கு முன்னும் ஒருவரிடம் இருந்தது. நமக்குப் பின்னும் ஒருவரிடம் போகும்.

கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைத்துக்கொள்ளப் பணிக்கும் மார்க்கம் நம்முடையது. ஆகவே இருக்கையின் கீழுள்ள தோல்பையில் ஒரு தாள் எழுதி வைத்திருக்கிறேன். ஃபோர்க் மாற்றப்பட்டது, கியர்க் கம்பி தளரும், மூன்றாம் வேகத்தில் எழுந்து நிற்கலாகாது, பின் ரிம்மில் துரு தொடங்கியிருக்கிறது. விற்கும் நாளில் நான் இல்லாமற்போனாலும், வாங்க வருபவர் கையில் முதலில் அத்தாளைக் கொடுக்குமாறு பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன்.